இந்திய அரசமைப்பு வரலாறு: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பிரிட்டிஷ் ஆட்சியின் 1909, 1919, 1935 சட்டங்கள், 1950 அரசமைப்பு என்று ஆண்டுகளை வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்தந்த ஆண்டில் யாருக்கு ஓட்டு இருந்தது என்று கேட்காமல் கடந்துபோவதுதான், என்னைப் பொறுத்தவரை, இருப்பதிலேயே பெரிய தவறு.

சென்னை மாகாணத்தையே பாருங்கள். 1919 சட்டப்படி 1920-இல் தேர்தல் நடந்து நீதிக்கட்சி அமைச்சரவை அமைத்தது. உடனே மக்களாட்சி வந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. சொத்து, வரி போன்ற தகுதி உள்ள சிலருக்குத்தான் ஓட்டு. கல்வியும் சுகாதாரமும் அமைச்சர்களிடம் இருந்தன. போலீஸையும் நிலவரியையும் ஆளுநர் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. சரி, எல்லாம் வெறும் கண்துடைப்பு என்று ஒதுக்கிவிடலாமா? அதுவும் தவறு. பெண்களுக்கு ஓட்டுரிமை தருவதை அந்தந்த மாகாண சபையே முடிவு செய்யலாம் என்றிருந்தது. சென்னை 1921-இலேயே அதைத் தந்தது, சொத்துத் தகுதியோடுதான் என்றாலும்.

அரசமைப்பு நிர்ணய சபையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1946-இல் மாகாண சட்டமன்ற உறுப்பினர்கள்தான் அதற்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சட்டமன்றங்களும் குறைந்த வாக்காளர்களால் அமைந்தவையே. அப்படி வந்தவர்கள் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று எழுதிவைத்தார்களே, அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். 1951-52 தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல். தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே பதிந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. காகிதத்தில் வந்த உரிமை வீட்டு வாசலைத் தாண்டவே அவ்வளவு பாடு.

அப்புறம், அரசமைப்பு 1935 சட்டத்தின் நகல் என்ற பேச்சு. நிர்வாக ஏற்பாடுகள் பல அங்கிருந்து வந்தவை, உண்மை. ஆனால் அடிப்படை உரிமைகளும் எல்லோருக்குமான ஓட்டும் அந்த 1935 சட்டத்தில் கிடையாது. அம்பேத்கர் ஒருவரே உட்கார்ந்து எழுதினார் என்பதும் சரியல்ல. முதல் வரைவைத் தயாரித்தவர் சபையின் அரசமைப்பு ஆலோசகரான பி.என்.ராவ், அதை அம்பேத்கரே 1949 நவம்பர் 25 உரையில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்த வரைவைச் செதுக்கி, சபையில் பிரிவு பிரிவாக வாதாடி நிறைவேற்றிய உழைப்பில் பெரும்பங்கு அம்பேத்கருடையது.

இன்றைய பிரதியை வைத்துக்கொண்டு 1950-ஐப் பேசுவதையும் விட்டுவிடுங்கள். முகவுரையில் 'சமதர்ம', 'மதச்சார்பற்ற' என்ற சொற்கள் 1976-இல் சேர்ந்தவை. சொத்துரிமை அன்று அடிப்படை உரிமை. சாதி, மத வாரியாக இடங்களைப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 1951-இல் முதல் திருத்தத்தின் வழியாக வந்ததுதான், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிரிவு.