லினக்ஸ் போடும்போது திரை கறுத்துப் போனால்: முதல் முறை செய்பவர்களுக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மழை விட்ட நேரம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். பக்கத்துத் தோட்டத்துப் பையன், படிவம் ஐந்து. இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்த லேப்டாப்பை மேசையில் வைத்து, "அண்ணே, லினக்ஸ் போடப் போனேன், செத்துப் போச்சு" என்றான். முகம் வாடிக் கிடந்தது. அவன் அக்காவும் அதே லேப்டாப்பில்தான் கல்லூரி வேலைகளைச் செய்கிறாள்.

பவர் பொத்தானை அழுத்தினேன். மெனு வந்தது. என்டர் தட்டியதும் கறுப்பு. கொஞ்சம் பொறுத்து கேப்ஸ் லாக் விசையைத் தட்டினேன். அதன் ஓரத்தில் அரிசி மணி அளவு பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி தட்ட, அணைந்தது. "சாகலே தம்பி. உள்ளே வேலை நடக்குது, படம்தான் திரைக்கு வரலே" என்றேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு முடிந்தது. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியதுமான சிப் உள்ள லேப்டாப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆனால் அவை நன்றாக ஓடும் லேப்டாப்புகள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை அவற்றில் போடலாம். ஒரு கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து அவற்றை மூலையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். லினக்ஸில் பல வகை உண்டு. நான் எடுத்துக்கொண்டது லினக்ஸ் மின்ட். உபுண்டு என்ற வகையிலும் வழி ஏறக்குறைய இதேதான்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். போனில் தம்பிகளுக்கு எழுத்தெழுத்தாகச் சொல்வதைப் போலவே இங்கேயும் எழுதுகிறேன். தனியாகச் சொல்லாத வரைக்கும் எல்லாம் சின்ன எழுத்து.

ஏன் கறுக்கிறது?

கணினியைத் திறந்ததும் திரையில் முதலில் படம் காட்டுவது பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள். கொஞ்ச நேரத்தில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அந்த வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. இரவுக் காவல்காரர் காலையில் கங்காணியிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. கங்காணிக்கு அந்தப் பூட்டு பழக்கமில்லை என்றால் கதவு திறக்காது. திரை கறுப்பாகவே நிற்கும். இந்தக் கைமாற்றத்துக்குப் பெயர் மோட் செட்டிங்.

இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸுக்கான டிரைவர்கள் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன, அதனால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. என்விடியா அட்டைக்கு லினக்ஸ் முதலில் எடுப்பது நூவோ என்ற டிரைவரை. பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'புதிய' என்று பொருள். அட்டை எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே ஆர்வலர்கள் எழுதிய டிரைவர் அது. 2010-இல் வந்த 2.6.33 கெர்னலில் சேர்ந்தது. அவர்கள் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் சில அட்டைகளில் அது தடுக்கி விழுகிறது. அப்போது நாம் செய்ய வேண்டியது இரண்டுதான்: நிறுவி முடிக்கும் வரை கைமாற்றத்தைத் தள்ளிப்போடுவது, அப்புறம் சரியான டிரைவரைப் போடுவது.

படி 1: தொடங்கும் முன்

படங்களையும் பாடக் கோப்புகளையும் வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். மின்ட் எழுதிய பெண்டிரைவ் 8 ஜிபி இருந்தால் போதும். சார்ஜரைச் செருகியே வேலையைத் தொடங்குங்கள். பேட்டரி செத்த பழைய லேப்டாப் என்றால், இடி மழை வரும் மாலை நேரத்தில் இதில் கை வைக்காதீர்கள்; வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் வேலை இரட்டிப்பாகும்.

படி 2: உண்மையிலேயே டிரைவர் கோளாறுதானா?

பெண்டிரைவிலிருந்து தொடங்கிக் கறுத்துவிட்டதா? இரண்டு நிமிடம் பொறுங்கள். பழைய பெண்டிரைவ் மெதுவாகத்தான் படிக்கும். பிறகு கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். எரிந்து அணைந்தால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அசையவே இல்லை என்றால் கெர்னல் உறைந்திருக்கலாம். அதற்கும் மருந்து இதேதான், பயப்பட வேண்டாம்.

அடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடியுங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் படம் வந்துவிட்டது, பின்னொளிதான் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டும் விசையை நாலைந்து தடவை தட்டிப் பாருங்கள். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் பின்னால் போய் வயரைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் அட்டை இருந்தால், மானிட்டர் வயர் அந்த அட்டையின் துளையில் இருக்க வேண்டும், மதர்போர்டின் துளையில் அல்ல. இந்த ஒன்றுக்காகவே அரை நாளைத் தொலைத்தவர்கள் உண்டு.

படி 3: கைமாற்றத்தைத் தள்ளிப்போடுவது

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மின்ட் மெனுவில் 'காம்பாட்டிபிலிட்டி மோட்' என்று ஒரு வரி இருக்கும். உபுண்டுவில் 'சேஃப் கிராபிக்ஸ்'. முதலில் அதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் இதிலேயே திரை வந்துவிடும்.

வரவில்லை என்றால் கையால் எழுதலாம். மெனுவின் முதல் வரியில் நின்று ஈ விசையைத் தட்டுங்கள். சில வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் நீண்ட வரியைத் தேடுங்கள். அதில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். அவற்றை மட்டும் அழித்து, அந்த இடத்தில் நோமோட்செட் (nomodeset) என்று எழுதுங்கள்: என் ஓ எம் ஓ டி ஈ எஸ் ஈ டி, ஒன்பது எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. முன்னும் பின்னும் ஓர் இடைவெளி இருக்கட்டும். வேறு எதையும் தொட வேண்டாம். எஃப்10 தட்டினால் தொடங்கும். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே, அதனால் தப்பாக எழுதிவிட்டாலும் எதுவும் கெட்டுவிடாது. அணைத்துவிட்டு மறுபடி எழுதலாம்.

இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நோமோட்செட் இரண்டையும் நிறுத்திவிடும், திரை பெரிதாகி மங்கலாகத் தெரியும். அதற்குப் பதில் நூவோவை மட்டும் நிறுத்தலாம்: என் ஓ யூ வி ஈ ஏ யூ, புள்ளி, எம் ஓ டி ஈ எஸ் ஈ டி, சமக்குறி, பூஜ்யம் (nouveau.modeset=0). இடைவெளியே இல்லை. இன்டெல் பக்கம் வழக்கம்போல் ஓடும், திரையும் தெளிவாக இருக்கும். தம்பியின் லேப்டாப்பில் இதைத்தான் எழுதினேன். எஃப்10 தட்டி, இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மின்ட் இலைச் சின்னம் வந்ததும்தான் அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

படி 4: என்ன அட்டை என்று பாருங்கள்

நிறுவும் முன், கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்: ஐ என் எக்ஸ் ஐ, இடைவெளி, சிறு கோடு, பெரிய ஜி (inxi -G). தம்பியின் லேப்டாப்பில் 'டிவைஸ்-1' இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 620, 'டிவைஸ்-2' என்விடியா ஜீஃபோர்ஸ் 940எம்எக்ஸ் என்று வந்தது. ஒவ்வொரு வரியிலும் 'டிரைவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இப்போது எது ஓடுகிறது என்று இருக்கும். இன்டெல்லுக்கு ஐ915, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியூ அல்லது பழையதானால் ரேடியான். நோமோட்செட் போட்டிருந்தால் 'என்/ஏ' என்று காட்டலாம், அது இயல்புதான். அந்தத் திரையைப் போனில் படம் பிடித்து வையுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் முதல் கேள்வி இதுதான்.

பட்டியலில் என்விடியாவே இல்லை என்றால் படி 6, 7 உங்களுக்கு இல்லை. கறுப்புத் திரை அப்போதும் வந்தால், கணினி புதிது, கெர்னல் பழையது என்பதே பெரும்பாலும் காரணம். மின்ட்டின் புதிய பதிப்பை இறக்கி முயலுங்கள்.

படி 5: நிறுவுதல்

நிறுவியைத் திறந்தால் சில சமயம் ஜன்னல் திரையைவிடப் பெரிதாக இருக்கும், கீழே உள்ள 'கன்டினியூ' பொத்தான் தெரியாது. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை மவுஸால் மேலே இழுங்கள், பொத்தான் வந்துவிடும். மற்றதெல்லாம் வழக்கம்போல்தான்.

முடிந்து மறுபடி தொடங்கியதும் திரை திரும்பவும் கறுக்கலாம். பலர் இங்கேதான் மனம் உடைந்து பின்வாங்குகிறார்கள். படி 3-இல் எழுதியது பெண்டிரைவில் செய்த மாற்றம். வட்டில் இருக்கும் புது லினக்ஸுக்கு அது தெரியாது. ஒரே ஒரு தடவை மறுபடி எழுத வேண்டும். மெனு தானாக வராவிட்டால், தயாரிப்பாளர் சின்னம் மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரு முறை தட்டுங்கள். பழைய பயாஸ் கணினி என்றால் ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டிருங்கள். எஸ்கேப்பைப் பலமுறை தட்டினால் 'கிரப்' (இந்தத் தொடக்க மெனுவைக் காட்டும் நிரலின் பெயர்) என்ற சொல்லோடு வெறும் கறுப்புத் திரை வந்து நிற்கும். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்துத் தட்டி மறுபடி முயலுங்கள்.

படி 6: சரியான டிரைவர்

உள்ளே வந்ததும் முதலில் டைம்ஷிப்ட்டைத் திறந்து, கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப, லினக்ஸின் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பிறகு இணையம். வீட்டில் வைஃபை இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் இணைத்து, 'டெதரிங்' திறந்தால் போதும். இறக்கம் சில நூறு எம்பி ஆகும், டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, 'ரெக்கமெண்டட்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். விண்டோஸ் பழக்கத்தில் என்விடியா தளத்துக்குப் போய்க் கோப்பை இறக்காதீர்கள். அப்படிப் போட்டது அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் உடைந்துபோக வாய்ப்பு அதிகம். டிரைவர் மேனேஜர் வழியாகப் போட்டால் கெர்னல் மாறும்போது டிரைவரும் கூடவே மாற்றிக் கட்டப்படும். மிகப் பழைய அட்டைக்கு எந்த டிரைவரும் பட்டியலில் வராவிட்டால், நூவோவோடு இருப்பதே நல்லது. படிப்புக்கும் வீடியோவுக்கும் அது போதும்.

படி 7: நீலத் திரை

இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். செக்யூர் பூட் என்பது நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து உள்ள மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு. அது திறந்திருக்கும் கணினியில், கையெழுத்து இல்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. அதனால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கலாம். எட்டு எண்களை வைத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுபடி தொடங்கும்போது நீல நிறத் திரை வந்து, ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்லும். பத்து நொடிதான் நிற்கும். தட்டினால் ஒரு பட்டியல். அதில் முதலில் நிற்பது 'கன்டினியூ பூட்'. அவசரத்தில் என்டர் தட்டினால் எல்லாம் தாண்டிப் போய்விடும், டிரைவர் ஏறாது. தம்பி அதைத்தான் செய்தான். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் தட்டிவிட்டான். கீழே போய் 'என்ரோல் எம்ஓகே', பிறகு 'கன்டினியூ', 'யெஸ்', அந்த எட்டு எண்கள், கடைசியில் 'ரீபூட்'. இதுதான் வரிசை.

தவறவிட்டால் டெர்மினலில் இதைத் தட்டுங்கள்: எஸ் யூ டி ஓ, இடைவெளி, எம் ஓ கே யூ டி ஐ எல், இடைவெளி, இரண்டு சிறு கோடு, ஐ எம் பி ஓ ஆர் டி, இடைவெளி. அதை ஒட்டிக் கோப்பு இருக்கும் இடம்: சாய்கோடு, வி ஏ ஆர், சாய்கோடு, எல் ஐ பி, சாய்கோடு, எஸ் எச் ஐ எம், சிறு கோடு, எஸ் ஐ ஜி என் ஈ டி, சாய்கோடு, எம் ஓ கே, சாய்கோடு, பெரிய எழுத்தில் எம் ஓ கே, புள்ளி, சின்ன எழுத்தில் டி ஈ ஆர் (sudo mokutil --import /var/lib/shim-signed/mok/MOK.der). புதுக் கடவுச்சொல் கேட்கும். மறுபடி தொடங்கினால் நீலத் திரை இன்னொரு வாய்ப்புத் தரும்.

செக்யூர் பூட்டையே பயாஸில் அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. லினக்ஸ் மட்டும் இருக்கும் கணினியில் அதுவும் நடக்கும். விண்டோஸும் பக்கத்தில் இருந்து, வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால், அணைத்ததும் மீட்புச் சாவி கேட்டு நிற்கலாம். அதனால் நான் எப்போதும் பதிவு செய்யும் வழியைத்தான் சொல்வேன்.

எல்லாம் முடிந்ததும் படி 4-இன் கட்டளையை மறுபடி தட்டுங்கள். என்விடியா வரியில் டிரைவர் 'என்விடியா' என்று வந்தால் சரி. நோமோட்செட்டை யாராவது சொல்லி கிரப் கோப்பில் நிரந்தரமாக எழுதியிருந்தால், இப்போது எடுத்துவிடுங்கள். அது அங்கேயே இருந்தால் திரை மங்கலாகவே நிற்கும், வீடியோ திக்கித் திக்கி ஓடும்.

படி 8: கடவுச்சொல் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கடவுச்சொல் திரைக்கே வந்தால்

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள். வெறும் எழுத்துத் திரை வரும். பெயரைத் தட்டி, கடவுச்சொல்லைத் தட்டுங்கள். தட்டும்போது புள்ளிகூடத் தெரியாது, ஆனால் உள்ளே ஏறுகிறது. பிறகு: எஸ் யூ டி ஓ, இடைவெளி, ஏ பி டி, இடைவெளி, பி யூ ஆர் ஜி ஈ, இடைவெளி, ஒற்றை மேற்கோள், என் வி ஐ டி ஐ ஏ, சிறு கோடு, நட்சத்திரக் குறி, ஒற்றை மேற்கோள் (sudo apt purge 'nvidia-*'). என்விடியா டிரைவர் நீங்கிவிடும். அடுத்து: எஸ் யூ டி ஓ, இடைவெளி, ஆர் ஈ பி ஓ ஓ டி (sudo reboot). கணினி மறுபடி நூவோவோடு தொடங்கும். கறுத்தால் படி 3 இருக்கிறது. அடுத்த முறை டிரைவர் மேனேஜரில் ஒரு படி பழைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

சில மாதம் நன்றாக ஓடி, ஒரு புதுப்பிப்புக்கு அப்புறம் திடீரென்று கறுத்தால், மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து நுழையுங்கள். புதுக் கெர்னலோடு டிரைவர் சரியாகச் சேரவில்லை என்று பொருள். அடுத்த புதுப்பிப்பு வரும் வரை அந்தப் பழைய கெர்னலிலேயே வேலையைப் பார்க்கலாம்.