கண்ணுக்குக் கீழே போட்ட ஃபில்லரைக் கரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது, எப்போது பார்த்தாலும் களைத்துப்போன முகமாகத் தெரிகிறது என்று ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பும் ஜெல் ஊசி, போட்டுக்கொண்டவர்களில் சிலர், கொஞ்ச காலத்திலேயே அதை எப்படி எடுப்பது என்று தேட ஆரம்பிக்கிறார்கள். பள்ளம் போய் அந்த இடத்தில் வீக்கம் வந்திருக்கும். அல்லது தோலுக்கடியில் நீலம் பாய்ந்தது போல ஒரு பட்டை தெரியும். காலையில் கண்ணாடியைப் பார்த்தால் ராத்திரி முழுக்க அழுத முகம் மாதிரி இருக்கும். நல்லவேளையாக, இதைக் கரைக்க மருந்து இருக்கிறது. பெரும்பாலோருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பொறுமை வேண்டிய இடத்தில் பலரும் அவசரப்படுகிறார்கள். உடனே ஓட வேண்டிய ஒரு நிலையில் மட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபில்லர் போடும்போதோ, போட்ட சில மணி நேரத்திலோ கடுமையான வலி வருகிறது. தோல் திட்டாக வெளுக்கிறது, அப்புறம் வலை விரித்தது போல ஊதா நிறமாகிறது. அல்லது பார்வை மங்குகிறது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, இமையைத் தூக்க முடியவில்லை. இவற்றில் எது வந்தாலும், ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்திருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். முகத்து ரத்தக்குழாய்களும் கண்ணுக்குள் போகும் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. விழித்திரைக்கு ரத்தம் நின்றுபோனால், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே திரும்பப் பெற முடியாத சேதம் ஆகிவிடலாம். இதற்குப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு தூங்கச் சொல்லும் பதிலை ஏற்கவே கூடாது. தோலில் மாற்றம் என்றால் ஊசி போட்ட மருத்துவரிடம் அந்த நிமிடமே போக வேண்டும். பார்வையில் மாற்றம் என்றால் நேராகக் கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், ஃபில்லர் போட்டதை வாசலிலேயே சொல்ல வேண்டும். இந்த நிலையில் ஒவ்வாமைப் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள். கரைக்கும் மருந்தை அதிக அளவில், தேவைப்பட்டால் திரும்பத் திரும்பப் போடுவார்கள். பார்வை ஒருமுறை போய்விட்டால், இந்த மருந்தைப் போட்டும் திரும்ப வருவது அரிது. அதனால்தான் நிமிடக் கணக்கைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்த ஆபத்தைத் தவிர, வீக்கம், நீலம், மேடுபள்ளம், முகம் பிடிக்காமல் போவது எல்லாமே நிதானமாகத் தீர்த்துக்கொள்ளக்கூடியவை. இனி சொல்வதெல்லாம் அவற்றைப் பற்றித்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கரைக்கப் போவது

கரைக்கும் மருந்தின் பெயர் ஹயலுரோனிடேஸ். இது ஒரு நொதி. நம் உடம்பிலும் பல ஃபில்லர்களிலும் இருக்கும் ஹயலுரோனிக் அமிலம் என்ற பொருளின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அதற்குமேல் இதால் எதுவும் முடியாது. ரெஸ்டிலேன், ஜுவிடெர்ம், பெலோடெரோ போன்றவை ஹயலுரோனிக் அமில ஜெல்கள் என்பதால் இதற்குக் கட்டுப்படும். ரேடியெஸ் என்பது கால்சியம் சேர்மம், ஸ்கல்ப்ட்ரா வேறொரு பாலிமர். அந்த இரண்டும் இந்த ஊசிக்கு அசையாது. உடம்பிலிருந்தே எடுத்துப் போட்ட கொழுப்பும் சிலிக்கானும் அப்படித்தான். தெரியாமல் போய் ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டால் வீக்கமும் செலவும்தான் மிச்சம்.

ஆகவே முதல் வேலை, போட்ட இடத்திலிருந்து விவரத்தை எழுத்தில் வாங்குவது. பெயர்பெற்ற ஃபில்லர்களின் பெட்டியில் சிரிஞ்சோடு சின்னச் சின்ன ஒட்டுத்தாள்கள் இருக்கும். பொருளின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். நோயாளியின் கோப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று ஒட்டிக் கொடுப்பதற்காகவே அவை வருகின்றன. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. என்ன போட்டோம் என்று சொல்ல மறுக்கும் இடத்தில் கரைப்பதையும் செய்துகொள்ளாதீர்கள் என்பேன். எத்தனை மில்லி, எந்த மாதம், ஊசியாலா மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயான கேனுலாவாலா என்ற விவரமும் கிடைத்தால் கரைப்பவருக்குப் பெரிய உதவி.

ரொம்ப நாள் ஆகிவிட்டது, இதற்குள் தானாகவே கரைந்திருக்கும் என்று நினைப்பதும் தவறுதான். ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று சொல்லிப் போட்டிருப்பார்கள். ஆனால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஜெல் அப்படியே இருந்தது பலரிடம் தெரியவந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே தசை அசைவு குறைவு என்பதால் அங்கே அது நீண்ட நாள் தங்குகிறது என்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் போட்டதுதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

எல்லாப் பழியையும் ஃபில்லர் மேல் போடுவது

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் தனிக் கவனம் வேண்டும். மாநிறத் தோலில் கருவளையம் என்பது பெரும்பாலும் நிறமி கூடுவதால் வருவது. பரம்பரையாக வரும், ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாலும் வரும். பள்ளத்தின் நிழலால் தெரியும் கருமையைத்தான் ஃபில்லர் குறைக்கும். நிறமியை அது தொடுவதே இல்லை. அதனால் ஃபில்லர் போட்டும் கருமை போகவில்லை, அதைக் கரைத்தும் போகவில்லை என்று இரண்டு முறை ஏமாந்து நிற்பவர்கள் உண்டு. இதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி நின்று, கீழ் இமைத் தோலை லேசாக இழுத்துப் பாருங்கள். தோலோடு சேர்ந்து கருமையும் நகர்ந்தால் அது நிறமி. முகத்தை வெளிச்சத்துக்கு நிமிர்த்தியதும் மறைந்துபோனால் நிழல்.

வீக்கத்திலும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹயலுரோனிக் அமிலம் நீரை இழுக்கும். ஊறின ஜவ்வரிசி போல உப்பி, மெல்லிய தோலுக்கடியில் தெரியும். கன்ன எலும்பு மேல் ஒரு மெல்லிய தடுப்புச் சவ்வு இருக்கிறது. அதற்கு மேலே ஜெல் அழுத்தினால் திரவம் வடிய வழியில்லாமல் தேங்கி, காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் வீங்கும். இப்படிப்பட்ட வீக்கம் கரைத்தால் போகும். ஆனால் கீழ் இமையில் இயல்பாகவே முன்தள்ளிய கொழுப்பு, தைராய்டு கோளாறால் வரும் கண் வீக்கம், சிறுநீரகக் கோளாறு, மூக்கடைப்பு ஒவ்வாமை ஆகியவையும் கண்ணுக்குக் கீழே பை தொங்க வைக்கும். அவற்றுக்கு வேறு வைத்தியம். சந்தேகம் இருந்தால் தோலுக்கான நுண் அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம். ஜெல் எந்த அடுக்கில், எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். கண்மூடித்தனமாக ஊசி குத்த வேண்டியதில்லை.

ஃபில்லர் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது, வீங்கியிருக்கிறதே என்று கரைக்க ஓடுவதும் வேண்டாம். ஊசி பட்ட வீக்கமும் ரத்தக்கட்டும் அடங்க இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை நீங்கள் பார்ப்பது ஃபில்லரின் உண்மையான உருவம் இல்லை. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் வந்தாலோ, சூடும் சிவப்புமாகச் சீழ் பிடிப்பது போலத் தெரிந்தாலோ மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

வீட்டு வைத்தியமும் இணையத்தில் வாங்கிய குப்பியும்

வெந்நீர் ஒத்தடம், உருளைக்கிழங்குச் சாறு, ஜேட் உருளை, நிறையத் தண்ணீர் குடிப்பது, முகத்துக்கான யோகா என்று எதைச் செய்தாலும் ஜெல் கரையாது. ரசாயனப் பிணைப்பு போட்டுக் கெட்டிப்படுத்திய ஜெல் அது. அழுத்தித் தேய்த்தால் இருக்கும் இடத்தை விட்டு நகரலாம், மெல்லிய தோல் இன்னும் தளரலாம். இவற்றால் பயன் இல்லை என்பதோடு போகிறது. ஆனால் கரைக்கும் மருந்தை இணையத்தில் வாங்கி, வீடியோ பார்த்துத் தாமே போட்டுக்கொள்வது உயிருக்கே ஆபத்து.

காரணத்தைச் சொல்கிறேன். ஹயலுரோனிடேஸ் நம் கண் மருத்துவமனைகளுக்குப் பழக்கமான மருந்துதான். கண்புரை அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றி மரக்க வைக்கும் ஊசியில், மருந்து நன்றாகப் பரவுவதற்காக இதைச் சேர்ப்பார்கள். சின்னக் குப்பியின் அடியில் வெள்ளைத் தூளாக ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஒரு குப்பியில் 1500 யூனிட் வரைகூட இருக்கும். கண்ணுக்குக் கீழே ஒரு தடவைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அதில் சிறு பகுதிதான். சலைன் என்ற உப்புநீரை எவ்வளவு விட்டுக் கலக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கணக்குத் தவறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

ஒவ்வாமை அடுத்த ஆபத்து. இந்த மருந்தை ஆடு, மாடுகளின் உறுப்பிலிருந்து எடுப்பதும் உண்டு, மனித நொதியை ஆய்வகத்தில் உருவாக்குவதும் உண்டு. தேனீ, குளவி விஷத்திலும் ஹயலுரோனிடேஸ் இருக்கிறது. தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்தது, மூச்சுத் திணறியது என்று உங்கள் வாழ்வில் எப்போதாவது நடந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது மிகப் பெரிய தவறு. முன்பு கண் அறுவையின்போது போட்ட ஊசிக்குப் பிறகு கண் அளவுக்கு மீறி வீங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அவசரம் இல்லாத நிலையில் முன்கையில் துளி மருந்து ஏற்றி, இருபது முப்பது நிமிடம் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் போடுவது நல்லது. கடும் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அழகு நிலையத்தில் இதைச் செய்துகொள்ளவே கூடாது.

இங்கிலாந்தில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஹயலுரோனிடேஸ் மருந்துச் சீட்டு இருந்தால் மட்டுமே கிடைக்கும் மருந்து. ஃபில்லர் போட்ட அழகுக்கலைஞர் தானே அதை வாங்கிப் போட்டுவிட முடியாது. போட்டுக்கொள்ளும் முன்பே, சிக்கல் வந்தால் யார் கரைப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வதுதான் சரி.

ஒரே நாளில் மொத்தத்தையும் கரைக்கச் சொல்வது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான், ஏனென்றால் எளிதில் தவிர்க்கக்கூடியது. வெறுப்பில் போய், எல்லாத்தையும் எடுத்துவிடுங்கள் டாக்டர் என்பார்கள். அவரும் தாராளமாகப் போட்டுவிடுவார். அடுத்த நாள் பார்த்தால் பழைய பள்ளத்தைவிட ஆழமாகத் தெரியும். உடனே, என் சொந்தத் தோலையே கரைத்துவிட்டார்கள் என்ற பீதி வரும்.

இந்த நொதி, ஃபில்லர் எது உங்கள் உடம்பின் ஹயலுரோனிக் அமிலம் எது என்று பார்த்து வெட்டாது என்பது உண்மை. ஆனால் உடம்பில் அது தேங்கி நிற்கும் சரக்கு அல்ல. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மொத்தமாகச் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் அழிந்து புதிதாக உருவாகிறது. ஊசியில் போன நொதியும் சீக்கிரமே செயலிழந்துவிடும். ஆகவே அந்த இழப்பு பெரும்பாலும் தற்காலிகமானது. பள்ளம் ஆழமாகத் தெரிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஜெல் இழுத்து வைத்திருந்த நீரும் அதோடு போய்விடுகிறது, விரிந்து பழகிய தோல் சுருங்க நாள் எடுக்கிறது, இடைப்பட்ட வருடங்களில் வயதும் ஏறியிருக்கிறது. இதையெல்லாம் தாண்டி, அதிக அளவு மருந்துக்குப் பிறகு தோல் தளர்ந்துபோனது, மாதக்கணக்கில் சரியாகவில்லை என்று சொல்பவர்களின் அனுபவத்தை நான் தள்ளிவிட மாட்டேன். குறைவாகப் போட வேண்டும் என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

கொஞ்சமாகப் போட்டு, இரண்டு வாரம் கழித்துப் பார்த்து, தேவையானால் இன்னும் கொஞ்சம் போடுவதுதான் நிதானமான வழி. கரைவது சில மணி நேரத்திலேயே ஆரம்பித்து, பெரும்பாலும் இரண்டு நாளில் தெரிந்துவிடும். ஆனால் ஊசி வீக்கம் அடங்கினால்தான் சரியாக மதிப்பிட முடியும். எல்லா ஜெல்லும் ஒரே அளவு மருந்தைக் கேட்காது. ரெஸ்டிலேனைவிட ஜுவிடெர்ம் வகைகளுக்குப் பொதுவாகக் கூடுதலாகத் தேவைப்படும். ஒட்டுத்தாள் ஏன் முக்கியம் என்பது இங்கேதான் புரியும். ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்தால் அந்த மேட்டை மட்டும் கரைக்கச் சொல்லலாம். இரண்டு பக்கமும் காலியாக்க வேண்டிய அவசியம் இல்லை.

நாள் குறிப்பதில் நடக்கும் தவறுகள்

அடுத்த வாரம் நிச்சயதார்த்தம், அதற்குள் கரைத்துவிடலாம் என்று போகாதீர்கள். வீக்கமும் கன்றிப்போன தோலும் புகைப்படத்தில் அப்படியே விழும். ஒரு மாத இடைவெளி வைத்துக்கொண்டால் இரண்டாவது தடவை தேவைப்பட்டாலும் சமாளிக்கலாம். கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை தள்ளிப்போடச் சொல்வதுதான் வழக்கம். அந்த இடத்தில் கிருமித்தொற்று இருந்தால் அதை அடக்கிவிட்டுத்தான் தொட வேண்டும், இல்லையென்றால் மருந்தோடு சேர்ந்து தொற்றும் பரவும். சுருக்கத்தைக் குறைக்கப் போடும் போடாக்ஸ் ஊசியும் இதுவும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வேண்டாம். அதே காரணத்தால் போடாக்ஸ் தேவையில்லாத தசைக்குப் போகலாம். ஆஸ்பிரின், ஒவ்வாமை மாத்திரை, ஸ்டீராய்டு எதையாவது தொடர்ந்து அதிக அளவில் எடுப்பவர்களுக்கு இந்த நொதியின் வேகம் குறையலாம். மாத்திரைப் பட்டியலை முழுதாகக் காட்டிவிடுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கரைத்த மறுநாளே, பள்ளமாக இருக்கிறது, புதிதாகப் போடுங்கள் என்று கேட்பதும் அடிக்கடி நடக்கிறது. நொதியின் வேலை முடிந்து தோல் பழைய நிலைக்கு வர, குறைந்தது இரண்டு வாரம் விட வேண்டும். ஒரு மாதம் விடுவது இன்னும் நல்லது. அந்த இடைவெளியில், மறுபடியும் ஃபில்லர்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். கண்ணுக்குக் கீழே என்றே குறிப்பிட்டு ஒரு ஹயலுரோனிக் ஃபில்லருக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்ததே 2022-ல்தான். அவ்வளவு நுட்பமான இடம் அது. கொழுப்புப் பை முன்தள்ளியிருந்தால் கீழ் இமை அறுவை சிகிச்சை செய்யும் கண் சீரமைப்பு மருத்துவரைப் பாருங்கள். நிறமிதான் காரணம் என்றால் சன்ஸ்கிரீனும் தோல் மருத்துவர் எழுதித் தரும் களிம்பும் போதும், ஊசியே தேவையில்லை.