கடை எல்லாருக்கும் தெரியட்டும், வீடு தெரிய வேண்டாம்

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் சேலை எடுத்து ரீசெல் செய்பவர்கள், வீட்டில் இட்லிப் பொடி அரைத்து விற்பவர்கள், ஆரி வொர்க் பிளவுஸ் தைப்பவர்கள், கேக் ஆர்டர் எடுப்பவர்கள் எல்லாரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். கையில் இருக்கும் வாட்ஸ்அப் எண்ணிலேயே ஸ்டேட்டஸ், சொந்த இன்ஸ்டாகிராம் கணக்கின் பெயரை மாற்றிவிட்டால் அதுதான் கடை, பணத்துக்கு அதே எண்ணின் ஜிபே. முதல் மாதம் சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் வாங்குவார்கள், ஒரு தொந்தரவும் தெரியாது. ஒரு ரீல் கொஞ்சம் ஓடி முன்பின் தெரியாதவர்கள் வர ஆரம்பித்த பிறகுதான் இரவு பதினொன்றரைக்கு "ஹாய் சிஸ், தூங்கலயா" என்று மெசேஜ் வரும், டிபியில் இருக்கும் குழந்தையைப் பற்றி யாரோ கேட்பார்கள். அதற்குள் அந்த எண் எத்தனை பேரிடம் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அதனால் முடிந்தால் முதல் ஆர்டருக்கு முன்பே பிரிக்க வேண்டியதைப் பிரித்துவிடுங்கள். ஏற்கெனவே தொடங்கியாச்சு என்றாலும் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இன்று சாயங்காலமே செய்துவிடலாம்.

முதலில் எண்

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். உங்கள் சொந்த எண்ணில் பேங்க் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, கேஸ் புக்கிங் இருக்கிறது, பிள்ளையின் பள்ளி குரூப் இருக்கிறது. அந்த எண்ணை ஊருக்குக் கொடுக்க வேண்டாம். புதிதாக ஒரு சிம் வாங்கி அதைக் கடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய எண் ஏற்கெனவே கஸ்டமர்களிடம் போய்விட்டதென்றால் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா, பழைய எண்ணைக் கடைக்கே விட்டுவிட்டு புது எண்ணை வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்து பேங்க், ஆதார் என்று ஒவ்வொன்றாக எண் மாற்ற அலைவதை விட, ஒரு மாதம் ஸ்டேட்டஸில் "இனி ஆர்டருக்கு இந்த எண் மட்டும்" என்று போட்டுக்கொண்டே இருப்பது எவ்வளவோ சுலபம்.

புது எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். 2018-இல் வந்த தனி ஆப், இலவசம், ஒரே போனில் சாதா வாட்ஸ்அப்பும் இதுவும் சேர்ந்தே இருக்கும். இரண்டாவது சிம் வாங்க மனமில்லை, வீட்டில் லேண்ட்லைன் இருக்கிறது என்றால் அதிலும் இதைத் திறக்கலாம், எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் போன் கால் மூலம் ஓடிபி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டிபியில் கடை லோகோ அல்லது ஒரு சேலைப் படம். முகவரி கேட்கும் இடத்தில் ஊர் பெயர் மட்டும் போதும், கதவு எண் வேண்டாம், அது யார் திறந்து பார்த்தாலும் தெரியும். லாஸ்ட் சீன், ஆன்லைன் இரண்டையும் மறைத்துவிடுங்கள், "ஆன்லைன்ல இருக்கீங்க, பதில் மட்டும் வரல" என்ற சண்டையாவது மிச்சம். வேலை நேரம் முடிந்தபின் தானாகப் போகும் பதில் ஒன்று அதில் உண்டு. "காலை 10 முதல் இரவு 8 வரை பதில் வரும், போன் எடுப்பதில்லை, மெசேஜ் மட்டும்" என்று ஒருமுறை எழுதிவைத்தால் ராத்திரி ஹாய்களுக்கு அதுவே பதில் சொல்லிக்கொள்ளும். தெரியாத எண்ணிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்புகள் சத்தமில்லாமல் போகவும் ஒரு வசதி இருக்கிறது, பிரைவசி செட்டிங்கில் கால்ஸ் என்ற இடத்தில் பாருங்கள்.

குரூப் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். ரீசெல்லர் குரூப்பில் இருநூறு பேர் இருந்தால் இருநூறு பேரின் எண்ணும் இருநூறு பேருக்கும் தெரியும். போட்டிக்கடைக்காரர் ஒருவர் உள்ளே வந்தால் உங்கள் கஸ்டமர் லிஸ்ட் மொத்தமும் ஒரே மாலையில் அவர் கைக்குப் போய்விடும். அது உங்கள் கவலை. அந்த இருநூறு பெண்களுக்கும் கண்டவர்களிடமிருந்து மெசேஜ் வருமே, அது அவர்கள் கவலை, ஆனால் காரணம் நீங்கள். ஒரே மெசேஜை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் இதைவிட மேல். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், யாருக்கும் மற்றவர் எண் தெரியாது, ஆனால் உங்கள் எண்ணை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போகும், அதனால் முதல் ஆர்டரிலேயே சேவ் செய்யச் சொல்லுங்கள். வெறும் புது வரவு காட்டத்தான் என்றால் 2023-இல் வந்த வாட்ஸ்அப் சேனல் போதும், அதில் பின்தொடர்பவர்களுக்கு உங்கள் எண்கூடத் தெரியாது.

அப்புறம் அந்த இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறக்காதீர்கள். வைஃபையில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருக்கும், சிம் செத்துப்போனதே தெரியாது. 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் கம்பெனி எண்ணை நிறுத்தி, பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். அப்போது உங்கள் இன்ஸ்டாகிராமுக்கு வரும் ஓடிபி அந்த ஆளின் போனில் போய் நிற்கும்.

இன்ஸ்டாகிராம், பேஸ்புக்

இன்ஸ்டாகிராமில் சொந்தக் கணக்கைக் கடையாக மாற்றாதீர்கள், புதிதாகவே ஒன்று திறங்கள். பிசினஸ் கணக்கைப் பிரைவேட்டாக வைக்க முடியாது என்பதுதான் காரணம். மாற்றிய நிமிடத்தில் கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் பிறந்தநாள், கணவரின் ஆபீஸ் டூர் எல்லாம் சேலை வாங்க வருபவர்கள் பார்வைக்கு வந்துவிடும். ஆயிரம் பாலோயர் ஏற்கெனவே இருக்கிறார்களே என்று யோசிப்பீர்கள். இருக்கட்டும், அந்த ஆயிரத்தில் சேலை வாங்கப்போவது நாற்பது பேர், அவர்கள் புதுக் கணக்குக்கும் வருவார்கள்.

புதுக் கணக்கைக் கடை எண்ணிலும் கடைக்கென்று திறந்த மெயிலிலும் தொடங்குங்கள். உடனே போய் கான்டாக்ட் சிங்க் என்பதை அணைத்துவிடுங்கள், சொந்தக் கணக்கிலும் சேர்த்து. அது ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் போனில் இருக்கும் எண்களை எல்லாம் எடுத்துவைத்து, "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று ஆளுக்கு ஆள் காட்ட அது ஒரு வழி. நாலு வருடம் முன்பு வேலையை விட்டு ஓடிவந்த இடத்து மேனேஜருக்கு உங்கள் கடையும், உங்கள் கஸ்டமருக்கு உங்கள் சொந்தக் கணக்கும் போய் நிற்பது இப்படித்தான். பிசினஸ் கணக்கில் போன் எண்ணும் மெயிலும் ப்ரொபைலில் தெரியும்படி வந்து உட்கார்ந்துகொள்ளும், டிஎம் போதும் என்றால் ப்ரொபைல் எடிட்டில் போய் அதை மறைத்துவிடலாம். இரண்டு கணக்கும் ஒரே ஆப்பில் இருந்தால் ஸ்டோரி போடுமுன் எந்தக் கணக்கில் நிற்கிறோம் என்று ஒரு தடவை பாருங்கள், மாமியார் வீட்டு விசேஷம் கடை ஸ்டோரியில் வந்த கதைகள் நிறைய உண்டு.

பேஸ்புக்கில் வேலை குறைவு. சொந்த ப்ரொபைலில் விற்காமல் பேஜ் ஒன்று திறங்கள், பேஜை நடத்துவது யார் என்று பார்ப்பவர்களுக்குப் பெயர் தெரியாது. ஆனால் "விலை சொல்லுங்க" என்ற கமெண்டுக்கு பதில் போடும்போது பேஜ் பெயரில் போகிறதா உங்கள் பெயரில் போகிறதா என்று கவனியுங்கள். சொந்த ப்ரொபைலில் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று ஆக்க ஒரு வசதி இருக்கிறது, அதையும் செய்துவிட்டு பிரெண்ட்ஸ் லிஸ்டை மறையுங்கள்.

படத்தில் என்ன இருக்கிறது

செட்டிங் எல்லாம் சரிசெய்த பிறகும் விஷயம் கசிவது படங்களில்தான். "இன்றைய டிஸ்பாட்ச்" என்று போடும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது கவர், ஒன்றின்மேல் ஒன்று, எல்லாவற்றிலும் மார்க்கரில் கொட்டை எழுத்தில் பெயர், கதவு எண், தெரு, பின்கோடு, போன் எண். மேலே இருக்கும் நாலு கவரை ஜூம் செய்தால் தெளிவாகப் படிக்கலாம். இடது ஓரத்தில் "அனுப்புநர்" என்று உங்கள் வீட்டு விலாசமும் இருக்கும். கடை நம்பகமானது என்று காட்டத்தான் போடுகிறீர்கள், தப்பில்லை. லேபிள் ஒட்டுமுன் படம் எடுங்கள், அல்லது கவர்களைக் குப்புறப் போட்டு எடுங்கள்.

ரிவ்யூ ஸ்க்ரீன்ஷாட்டும் இதே கதை. கஸ்டமர் பெயர் மேல் போனிலேயே இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் நாலு தடவை கறுப்பு அடித்துவிட்டு மறைத்தாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்தப் பேனா மை பாதி ஊடுருவித் தெரியும் வகை, பிரைட்னஸைக் கூட்டினால் அடியில் இருக்கும் எண் வெளியே வந்துவிடும். வெட்டி எடுங்கள், இல்லையென்றால் திடமான கட்டம் ஒன்றை மேலே வையுங்கள்.

வீடியோவில் பின்னால் என்ன தெரிகிறது என்று பார்க்க, எடுத்தபிறகு ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். வாசலில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட், சுவரில் ஸ்கூல் பெயர் போட்ட காலண்டர், யூனிபார்மும் ஐடி கார்டுமாகக் குறுக்கே ஓடும் பிள்ளை, எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். முகம் காட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உங்கள் முகம் உங்கள் விருப்பம், முகம் காட்டிப் பேசினால் வியாபாரம் கூடத்தான் செய்யும், கைகளையும் துணியையும் மட்டும் காட்டி நன்றாக ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் முகம் மட்டும் வேண்டாம் என்பது என் பிடிவாதம். வெளியூர் போகும்போது "குடும்பத்தோடு திருப்பதி போறோம், ஆர்டர் லேட் ஆகும்" என்று போடுவதற்குப் பதில் "அடுத்த டிஸ்பாட்ச் திங்கள்கிழமை" என்று போட்டால் கஸ்டமருக்குத் தேவையானது கிடைத்துவிடும், வீடு பூட்டிக் கிடப்பது ஊருக்குத் தெரியாது.

பணமும் விலாசமும்

யுபிஐயில் பணம் அனுப்புபவருக்கு உங்கள் பேங்க் கணக்கில் உள்ள பெயர் தெரியும், அதை மறைக்க முடியாது. யுபிஐ ஐடி உங்கள் போன் எண்ணாகவே இருந்தால் அதுவும் தெரியும், அதனால் எண் இல்லாத வேறு ஐடி ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். வியாபாரம் நிலையாக நடந்தால் மெர்ச்சன்ட் க்யூஆர் வாங்கிவிடுங்கள், கடைப் பெயரில் வரும். பணம் வந்த ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி சேலை அனுப்பாதீர்கள், பேங்க் ஆப்பில் பாருங்கள். பணம் வாங்க க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் போடவோ தேவையே இல்லை. "ஆர்மியில இருக்கேன் மேடம், இதை ஸ்கேன் பண்ணுங்க, அட்வான்ஸ் வந்துடும்" என்று யார் சொன்னாலும் அங்கேயே பிளாக். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

விலாசத்தில் ஓர் எல்லை இருக்கிறது. பொடி, ஊறுகாய், கேக் விற்பவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்தாக வேண்டும், பாக்கெட்டில் அந்த 14 இலக்க எண்ணோடு தயாரிப்பவர் பெயரும் விலாசமும் இருந்தாக வேண்டும். பிரைவசி என்று சொல்லி இதில் ஒளிந்துகொள்ள முடியாது, கூடாது. வாயில் போடும் பொருளை விற்பவர் எங்கே இருக்கிறார் என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும்தானே. ஆனால் பாக்கெட் வாங்கியவருக்குத் தெரிவது வேறு, இன்ஸ்டா பயோவில் எழுதிவைப்பது வேறு. கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கும்போதும் கஸ்டமர் வீட்டுக்கு வரும் வேலை இல்லை என்றால் விலாசத்தைக் காட்டாமல், எந்தெந்தப் பகுதிக்கு அனுப்புவீர்கள் என்பதை மட்டும் கொடுக்கலாம்.

தொந்தரவு வந்தால்

பதிலே வேண்டாம், திட்டவும் வேண்டாம். முதலில் ஸ்க்ரீன்ஷாட், ஆள் பெயரும் தேதியும் தெரியும்படி, பிறகு பிளாக். மிரட்டல், மார்பிங் (உங்கள் படத்தை ஆபாசமாக மாற்றுவது) என்று போனால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது, தேசிய சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகார் கொடுக்கலாம். இன்ஸ்டாவில் குறிப்பிட்ட சொற்கள் வரும் கமெண்டுகளைத் தானாக மறைக்கும் வசதியில் தமிழ்க் கெட்ட வார்த்தைகளை, ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்காக அப்படியும் சேர்த்து, நீங்களே போட்டுவைக்கலாம். "உங்கள் பேஜில் காப்பிரைட் பிரச்சினை, 24 மணி நேரத்தில் மூடிவிடுவோம், இங்கே லாகின் செய்யுங்கள்" என்று டிஎம்மில் வருவது திருட்டு. வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க டூ ஸ்டெப் பின்னும், இன்ஸ்டாவில் லாகின் கோடு தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பும் போட்டுவைத்தால் பாஸ்வேர்டு போனாலும் கணக்கு எளிதில் போகாது.

இதையெல்லாம் நமக்காகச் செய்கிறோம், கஸ்டமர் படம்? ஆரி வொர்க் செய்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பின் கழுத்து டிசைன் காட்ட, அளவு காட்ட, கஸ்டமர்கள் தங்கள் படத்தையே அனுப்புவார்கள். வாட்ஸ்அப் அதைத் தானாக கேலரியில் சேமிக்கும், பேக்கப் போட்டிருந்தால் அது அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் போகும், அந்த அக்கவுண்ட் வீட்டு டேப்லெட்டிலும் திறந்திருக்கும், பிள்ளையோ மச்சானோ கேம் விளையாடும்போது அந்தப் பெண்ணின் படம் வந்து நிற்கும். வாட்ஸ்அப் பிசினஸில் படங்களைக் கேலரியில் காட்டும் மீடியா விசிபிலிட்டியை அணைத்துவிடுங்கள், கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் போல்டர் பேக்கப் ஆகிறதா என்று பாருங்கள், பிளவுஸ் டெலிவரி ஆனதும் அந்தச் சாட்டில் உள்ள படங்களை அழித்துவிடுங்கள். போட்டுக் காட்டிய படத்தைப் பேஜில் போட ஆசைப்பட்டால் கேட்டுவிட்டுப் போடுங்கள், முகத்தை வெட்டிவிடச் சொன்னால் வெட்டிவிட்டு.