சுண்டல் ஆறிய மாலை

மதுரையில் எங்கள் குடியிருப்பு மாடியில் மாதம் ஒரு மாலை ஊர் வரலாறு பேசுவேன். இருபது பேர் வருவார்கள். முடிவில் "கேள்வி உண்டா?" என்றால் சுண்டல் தட்டின் சத்தம்தான் பதில்.

1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத அய்யர் தலைமையில், அதுவரை சாதியால் தடுக்கப்பட்டிருந்தவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த ஆலயப் பிரவேசம் பற்றிப் பேசிய அன்று, அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். முன்வரிசைப் பெரியவரிடம், "ஐயா, சின்ன வயதில் எந்தக் கோபுர வாசல் வழியாகக் கோயிலுக்குப் போவீர்கள்?" என்றேன். "மேலக் கோபுரம்" என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. பின்வரிசை அம்மா, "எங்களுக்குத் தெற்குக் கோபுரம்தான் பக்கம்" என்று குறுக்கிட்டார். ஏதோ ஒரு வருடத்தைத் தவறாகவும் சொன்னார். திருத்த நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். (முன்பு திருத்தித் திருத்தியே பலர் வாயை அடைத்தவன் நான்தான்.) அன்று சுண்டல் ஆறிப்போனது.