க்ளென் லயன்ல ரெண்டு மலை: முதல் தடவை ஏறப் போறவங்களுக்கு

ஸ்காட்லாந்துல மலை ஏறணும்னு சொன்னாலே எல்லாரும் பென் நெவிஸ், இல்லன்னா க்ளென்கோ பக்கம்தான் வண்டிய திருப்புவாங்க, அப்புறம் பார்க்கிங் கிடைக்காம சுத்திட்டு இருப்பாங்க. புதுசா ஆரம்பிக்கறவங்க யாராவது கேட்டா நான் சொல்றது க்ளென் லயன். பெர்த்ஷயர்ல நீளமா உள்ளடங்கிப் போற பள்ளத்தாக்கு, அதோட ஒரு ஓரத்துல லோஹ் அன் டைவ்னு அணை கட்டித் தேக்கின ஏரி, அந்த அணைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு மலை. வடக்கால மியல் பூயா, 932 மீட்டர். தெற்கால ஸ்டுக் அன் லோஹன், 960 மீட்டர். ரெண்டுமே மன்ரோ, அதாவது 3000 அடிக்கு மேல இருக்கற 282 மலைங்க லிஸ்ட்ல வர்றது. கார் நிறுத்துற இடமே 400 மீட்டர் உயரத்துக்கு மேல இருக்கறதால கிட்டத்தட்ட பாதி மலைய காரே ஏறிக் குடுத்துடும்.

சரி, முதல்ல மேப். போன்ல மியல் பூயான்னு தேடினா நாய்டார்ட்ல இருக்கற அதே பேர் மலை வந்து நிக்கும், அது 946 மீட்டர், ரொம்ப தூரத்துல மேற்குக் கரைப் பக்கம். பேருக்கு அர்த்தமே மஞ்சள் மேடுதான், அப்படிப்பட்ட மேட்டுக்கு அந்த ஊர்ல பஞ்சமா என்ன. அதனால லோஹ் அன் டைவ் ஏரிய முதல்ல கண்டுபிடிச்சு, அதுக்கு வடக்க இருக்கறதான்னு பாத்துக்கோங்க. மேப்ப முன்கூட்டியே டவுன்லோட் பண்ணிடுங்க, உள்ள போனா சிக்னல நம்பி எதுவும் செய்ய முடியாது. பேப்பர் மேப் வேணும்னா லேண்ட்ரேஞ்சர்ங்கற மேப் வரிசையில 51ம் நம்பர். கூட ஒரு காம்பஸ்.

எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா நெய்ஸ்மித் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, 1892ல சொன்னது, இன்னிக்கும் அதத்தான் போடறாங்க: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதுக்கு மேல 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி. மியல் பூயா போயிட்டு வர ஏறக்குறைய 9 கிலோமீட்டர், ஏத்தம் ஐந்நூத்திச் சொச்சம், ஆக ரெண்டே முக்கால் மணி வருது. புதுசுன்னா நாலு மணியா வெச்சுக்கோங்க, சாப்பாடு, போட்டோ, மூச்சு வாங்கறது எல்லாம் நெய்ஸ்மித் கணக்குல கிடையாது.

போற வழி: ஆபர்ஃபெல்டி தாண்டி ஃபோர்ட்டிங்கல், அங்க சர்ச் வளாகத்துல ஆயிரக்கணக்கான வருஷத்து யூ மரம் ஒண்ணு நிக்குது, பாத்துட்டே போங்க. அப்புறம் ஒத்த வண்டி ரோடு. பிரிட்ஜ் ஆஃப் பால்கி, மெகர்னி கோட்டை எல்லாம் கடந்ததும் வலது பக்கம் அணைக்கு மேல ஏறுற ரோடு பிரியும். எதிர்ல வண்டி வந்தா ஒதுங்கறதுக்குன்னு இருக்கற இடத்துல பார்க் பண்ணிடாதீங்க ப்ளீஸ்.

முதல் தடவைன்னா மியல் பூயாவ எடுங்க. அணைய பாத்து நின்னா வலது கை பக்கம், ஏரியோட வடகரை டிராக்ல கொஞ்ச தூரம் நடந்ததும் வலப்பக்கமா ஒரு ஒத்தையடிப் பாதை மேல ஏறும். இங்கதான் சேறு. சேறுன்னா நம்ம வயல் சேறு மாதிரி கணுக்கால் அளவோட நிக்கற சேறு கிடையாது, பளபளன்னு வெளிர் பச்சையா பாசி மெத்தை மாதிரி இருக்கும், அழகா இருக்கேன்னு கால வெச்சா முழங்கால் வரைக்கும் இழுத்துக்கும், ஷூவ பிடுங்கினா ஒரு சத்தம் வரும் பாருங்க. ஹெதர் செடி முளைச்ச பழுப்புத் திட்டா பாத்து மிதிச்சு வாங்க, செடி இருக்கற இடம் கொஞ்சம் காஞ்சு இருக்கும். கால் நனையாம போகணும்ங்கற ஆசைய கார்லயே விட்டுடுங்க, மாத்து சாக்ஸ் மட்டும் வெச்சுக்கோங்க.

சேறு முடிஞ்சா அகலமான முகடு. அங்கேருந்து வடக்கு நோக்கி போயிட்டே இருந்தா சரி, வலது கை பக்கம் சரிவு பெரிய பள்ளமா விழும். உச்சியில கல்லு குமிச்சு வெச்சிருப்பாங்க. வெயில் அடிச்சா ரானோக் பக்கம் முழுக்க தெரியும், கிழக்கால ஷீஹாலியன் மலை கூம்பா நிக்கும்.

மூட்டம் இறங்கினாதான் வம்பு. நான் ரெண்டாவது தடவை போனப்ப உச்சியில உக்காந்து பிஸ்கட் சாப்பிட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல, சரி வந்த வழிதானேன்னு காம்பஸ வெளிய எடுக்காம கிளம்பிட்டேன். பத்து நிமிஷத்துல கீழேருந்து தண்ணி சத்தம் கேட்டுச்சு, ஆஹா ஏரி வந்துடுச்சுன்னு சந்தோஷமா எறங்கிட்டே இருந்தேன், அப்புறம்தான் உறைச்சுது, ஏரி எங்கடா சத்தம் போடும்னு. ஓடைச் சத்தம் அது, கிழக்குப் பள்ளத்துக்குள்ள எறங்கிட்டு இருந்திருக்கேன். திரும்ப மேல ஏறினேன், வாய்க்கு வந்தபடி என்னையே திட்டிக்கிட்டு. அதனால உச்சிய விட்டுக் கிளம்பும்போதே காம்பஸ்ல தெற்கு பாத்துக்கோங்க, பள்ளம் இப்ப இடது கை பக்கம் இருக்கணும்.

அடுத்த நாளோ அடுத்த மாசமோ ஸ்டுக் அன் லோஹன். இதுக்கு அணையோட இடது பக்கம், கரையோரமா கொஞ்ச தூரம் போயி இடது பக்கம் செங்குத்தா ஏறுற பாதை. இந்த முதல் ஏத்தம் நெஞ்சு அடைக்கும், மண்ணு அரிச்சுப் போயி வழுக்கும், ஊணி நடக்கற வாக்கிங் ஸ்டிக் ரெண்டு இருந்தா எறங்கும்போது முட்டி உங்களுக்கு நன்றி சொல்லும். மேல வந்துட்டா பழைய இரும்பு வேலிக் கம்பங்க வரிசையா நிக்குது. மூட்டத்துல அதுதான் வழிகாட்டி, ஒரு கம்பத்துலேருந்து அடுத்த கம்பம்னு போயிடலாம். முதல்ல க்ரேக் அன் எத்தன்ங்கற மேடு, 887 மீட்டர், கொஞ்சம் எறங்கி மறுபடி 927 மீட்டர் மேடு, அப்புறம் மேற்கு நோக்கி முகடு வளைஞ்சு உச்சிக்குப் போகும். வடக்குப் பக்கம் நேரா லோஹன் நன் கட் குளத்துக்கு விழற சரிவு, அந்த விளிம்புகிட்ட செல்ஃபி வேண்டாம். பனி இருக்கற மாசத்துல புதுசா போறவங்க இந்த மலைக்கே வேண்டாம்.

இந்த உச்சியிலதான் 1590 வாக்குல கிறுக்கு காலின்னு பேர் எடுத்த க்ளென் லயன் காம்பெல் குடும்பத்துக்காரர் ஒருத்தர் ஏறினதா பதிவு இருக்கு, மன்ரோ ஏறினதுக்கு எழுத்துல இருக்கற முதல் சாட்சியே அதுதான்னு சொல்வாங்க. போனவர் சும்மா வரல, ஆட்டு மந்தைய விளிம்பு தாண்டி விரட்டி விட்டாராம்.

ஏதாவது ஆச்சுன்னா 999 போட்டு முதல்ல போலீஸ் கேட்டு, அப்புறம் மவுண்டன் ரெஸ்கியூன்னு சொல்லணும். சிக்னல் இல்லன்னா விசில், நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதி ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஊதுங்க. இலையுதிர் காலத்துல மான் வேட்டை நடக்கும், போர்டு ஏதும் வெச்சிருந்தா நின்னு படிச்சுட்டு போங்க. கோடையில மிட்ஜ்னு கண்ணுக்கே தெரியாத கொசு, காத்து நின்னா மொய்க்கும். கீழ வந்ததும் கார்ல ஏறறதுக்கு முன்னாடி பேன்ட்ட சுருட்டி முட்டிக்குப் பின்னாடி, இடுப்பு மடிப்புல உண்ணி ஏதும் கடிச்சுட்டு இருக்கான்னு பாருங்க, நான் ஒரு தடவை வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் பாத்தேன், கடுகு சைஸ்ல ஒண்ணு.