ரேடியோ இணைப்பைக் கடக்காத மேக் முகவரி

இரு கட்டடங்களுக்கிடையே நான் பொருத்திய வைஃபை ரேடியோக்கள் ஒன்றையொன்று பிங் செய்தன (சோதனைச் செய்திக்குப் பதில் தந்தன). ஆனால் மறுமுனையில் செருகிய மடிக்கணினிக்கு டிஎச்சிபி முகவரி (தானாக ஒதுக்கப்படும் ஐபி முகவரி) கிடைக்கவில்லை. ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்ததில் அரை நாள் வீணானது. நிலையான ஐபியை நானே கொடுத்ததும் இணைப்பு வந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் அடையாள எண்) என்று காட்டும் இம்முனையின் ஏஆர்பி பட்டியலில், ரேடியோவுக்கும் மடிக்கணினிக்கும் ஒரே மேக் முகவரியே இருந்தது.

வழக்கமான வைஃபை ஃபிரேமில் (தரவுப் பொட்டலத்தில்) மூன்று முகவரிகளே பயன்படுவதால், மறுமுனையில் கிளையன்டாக (மற்ற ரேடியோவுடன் இணையும் கருவியாக) இயங்கும் ரேடியோ, தனக்குப் பின்னால் உள்ள கருவியின் மேக் முகவரியைக் குறிக்க இடமின்றி, தன்னுடையதையே இட்டு அனுப்பியிருக்கிறது. நான்கு முகவரிகளைச் சுமக்கும் டபிள்யூடிஎஸ் முறையை இரு முனைகளிலும் இயக்கினேன். ஒரு முனையில் மட்டும் இயக்கிப் பயனில்லை. உடனே, இம்முனையில் கருவிகளை இணைக்கும் ஸ்விட்ச் மடிக்கணினியின் உண்மையான மேக் முகவரியைக் கற்றுக்கொண்டது. சில நொடிகளில் டிஎச்சிபி முகவரியும் வந்துவிட்டது.