கிருஷ்ணகிரியிலிருந்து ஆலம்பரைக் கடற்கரைக்கு: கிணற்று நீச்சல்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் பக்கத்தில் கடல் என்றால் புதுச்சேரி, இல்லாவிட்டால் மெரினா. கூட்டமில்லாத கடலைத் தேடி நான் கண்டுகொண்ட இடம் ஆலம்பரை. செங்கல்பட்டு மாவட்டம் கடப்பாக்கத்துக்குக் கிழக்கே இடிந்த கோட்டை ஒன்று, அதை ஒட்டி உப்பங்கழி, அதற்கு அப்பால் மணல்திட்டு, அப்புறம் கடல். மூன்று முறை போய்விட்டேன்.

படி 1: நாள்
ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மீன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வேண்டாம். அது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பௌர்ணமியும் வேண்டாம். கடலில் நிலா எழுவதைப் பார்க்க அன்று கிளம்பி, கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையிலேயே மாலை போய்விட்டது.

படி 2: வழி
ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், மரக்காணம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கடப்பாக்கம். ஏறக்குறைய 230 கி.மீ. தருமபுரிக்காரர்கள் அரூர் வழியாக வந்து திருவண்ணாமலையில் சேர்ந்துகொள்ளலாம். சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் முந்தின இரவே திண்டிவனத்தில் தங்கிவிடுங்கள். இரவெல்லாம் வண்டி ஓட்டிய உடம்போடு கடலில் இறங்கக் கூடாது.

படி 3: எடுத்துப் போக வேண்டியவை
குடிநீர், உப்பைக் கழுவ 20 லிட்டர் கேன் ஒன்று, தலைக்குத் துண்டு. மணல்திட்டில் நிழல் கிடையாது. காற்றடைத்த ரப்பர் வளையத்தை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். தரையிலிருந்து காற்று வீசினால் அது ஆளோடு உள்ளே போய்விடும். அதற்குப் பதில், மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேனில் 20 மீட்டர் கயிறு கட்டிக் கரையில் வைத்திருங்கள். நம் ஊரில் சுரைக்குடுவையைக் கட்டி நீச்சல் பழக்குவார்களே, அதே வேலையை இது செய்யும். தூக்கிப் போடவும் ஆகும்.

படி 4: கழியைக் கடப்பது
படகுக்குக் கூலியையும் திரும்பி வரும் நேரத்தையும் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஏறும் முன் கோட்டையைச் சுற்றிப் பாருங்கள். 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டை அது.

படி 5: தண்ணீரில் இறங்குவது
நான் தடுமாறியது இங்கேதான். பத்து வயதிலிருந்து கிணற்றில் குதித்து நீந்தியவன். அலை வெள்ளையாக உடைகிற இடங்களை விட்டுவிட்டு, நடுவில் அமைதியாக இருந்த இடமாகப் பார்த்து இறங்கினேன். இடுப்பளவு வந்ததும் காலடி மணல் சரிந்தது. தண்ணீர் என்னை உள்ளே இழுத்தது. கரையைப் பார்த்து வேகமாக நீந்தினேன், ஓர் அடிகூட நகரவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் “பக்கவாட்டுல போ தம்பி, பக்கவாட்டுல!” என்று கத்தினார். அப்படிப் போனதால் பிழைத்தேன்.

அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர், ஒரு குறுகலான வழியாக மறுபடி கடலுக்குள் ஓடுகிறது. அந்த வழியில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது. நிறம் கருத்திருக்கும், நுரையும் கலங்கலும் உள்நோக்கி நகரும். கிணற்றுக்காரர் கண்ணுக்கு அதுதான் நல்ல இடமாகத் தெரியும்.

ஆகவே முதல் பதினைந்து நிமிடம் மேட்டு மணலில் நின்று பார்க்க மட்டும் செய்யுங்கள். அலை வரிசையாக உடைகிற இடத்தில், முழங்காலளவு போதும். இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்தபடி கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு விட்டதும் அலையோடு வாருங்கள். கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில் இறங்கவே வேண்டாம்.

பின்சேர்க்கை: பேருந்தில் போக முடியுமா என்று சிலர் கேட்டார்கள். முடியும். பெங்களூரு–புதுச்சேரி பேருந்தில் திண்டிவனம் வரை, பிறகு மரக்காணம், அங்கே சென்னைப் பேருந்து பிடித்துக் கடப்பாக்கம். அங்கிருந்து ஆட்டோ. திரும்பி வரும்போது கடைசி வண்டி நேரத்தைக் காலையிலேயே விசாரித்துவிடுங்கள்.